தண்டல் தூங்கிய வரி

3 ஜூன் 2024, திங்கள்

காலையில் மோட்டார் போட்டேன். தண்ணீர் ஏறவில்லை. ஆளைக் கூப்பிடச் சொல்லி சம்பூரணம் இரண்டு முறை சொல்லிவிட்டாள். எனக்குக் கடலில் வேலை இருந்தது.

பிற்காலத்தில் இந்த நாட்குறிப்பைப் படிக்கப் போகிறவர்களின் வசதிக்காக: நான் ப. செங்கோட்டுவேலு, ஓய்வுபெற்ற சார்பதிவாளர், திருச்செங்கோடு. சம்பூரணம் என் மனைவி. இணையத்தில் தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் எழுதி வளர்க்கும் ‘அறிவேடு’ கலைக்களஞ்சியத்தின் ஆறு நிர்வாகிகளில் நான் ஒருவன். அங்கே என் பெயர் செங்கோடன். நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் தலையாயது ‘நெடுங்கடல் பாய்மரப் பயணங்கள்’. ஆகஸ்ட் மாதச் சிறந்த கட்டுரையாக அது முதல் பக்கத்தில் வரப் போகிறது.

நான் கடலில் போனதில்லை. ஏற்காடு ஏரியில் ஒரு தடவை படகு ஏறினேன். கால் மணி நேரத்தில் காலையில் சாப்பிட்ட பொங்கலை மீன்களுக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன். கட்டுரை எழுத அது தடையில்லை. வில்லங்கச் சான்று கொடுக்கிறவன் அந்த நிலத்தை உழுதிருக்க வேண்டுமா என்ன?

இன்று காலை ஒரு புதிய பயனர் கட்டுரைக்குள் புகுந்து ஒரே ஒரு வரியை அழித்துவிட்டுப் போயிருந்தார். 1984-இல் தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்பட்ட ‘அடைக்கல மாதா’ என்ற பாய்மரச் சரக்குத் தோணியைப் பற்றிய பகுதி அது. தோணி முப்பத்தெட்டு நாள் மிதந்து, சேஷல்ஸ் தீவில் ஒதுங்கியது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் திரும்பினார்கள். அழிக்கப்பட்ட வரி இது: ‘சுக்கான் பிடித்திருந்த தண்டல் கஸ்பார் மோத்தா கண்ணயர்ந்துவிட்டதால் தோணி திசை தவறியது.’ தண்டல் என்றால் தோணியின் தலைவர்.

நான்கு நிமிடத்தில் வரியை மீட்டேன்.

4 ஜூன்

மறுபடி அழித்தார். மறுபடி மீட்டேன். நாடே தேர்தல் முடிவு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அறிவேட்டைக் காத்தது ஒருவன்தான்.

6 ஜூன்

அந்தப் புதிய பயனர், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் வந்து எழுதியிருக்கிறார். கைபேசியிடம் பேசி, அது எழுதியதை அப்படியே ஒட்டியிருப்பார் போல. ஒரு புள்ளி கிடையாது, கமா கிடையாது. ‘ஐயா நான் அந்தத் தோணில இருந்தவன் பேரு இன்னாசி தண்டல் தூங்கவே இல்ல காத்துல பாய்மரம் முறிஞ்சிட்டு சுக்கானும் போயிட்டு அந்த வரிய எடுங்க.’

நிதானமாகவே பதில் எழுதினேன். ‘வணக்கம். அறிவேட்டில் சொந்த அனுபவம் சான்றாகாது. விதி 7 காண்க. அச்சில் வந்த ஆதாரம் இருந்தால் தரவும்.’ விதி 7-ஐ எழுதியவனும் நான்தான். ஆனால் அதைச் சொல்லவில்லை, தற்பெருமை எனக்குப் பிடிக்காது.

வேலையில் இருந்தபோது ஒருவர் வந்து நின்றார். பதிவேட்டில் அவர் இறந்துவிட்டதாக இருந்தது. ‘சார், நான் உசுரோட நிக்கறேனுங்க’ என்றார். நிற்பது தெரிகிறது, அதற்குக் காகிதம் வேண்டுமே என்றேன். மூன்று மாதம் அலைந்து கொண்டுவந்தார். காகிதம் வந்த அன்றுதான் அவருக்கே தான் உயிரோடிருப்பதில் முழு நம்பிக்கை வந்தது. மூலப்பத்திரம் இல்லாமல் ஒரு முழம் நிலத்தையும் நான் பதிந்ததில்லை.

9 ஜூன், ஞாயிறு

கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் பெரிய சண்டை. அடைக்கல மாதா திசை தவறி மிதந்துபோனது பயணத்தில் சேருமா, சேராதா? பதினேழு பேர் வாக்களித்தார்கள். அவர்களில் கடலில் வேலை செய்பவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரும் சொன்னதற்குச் சான்று இல்லாததால் அவர்கள் வாக்கு எண்ணப்படவில்லை.

அவர்களில் ஒருவர் சரக்குக் கப்பல் அதிகாரி. நம் வரைபடத்தில் தீவு என்று போட்டிருக்கும் இடத்தில் தான் இப்போது கப்பலோடு நிற்பதாகவும், அங்கே தீவு எதுவும் இல்லை என்றும் எழுதினார். படம் கேட்டோம். அனுப்பினார். படத்தில் வெறும் கடல். வெறும் கடல் எங்கே வேண்டுமானாலும் இருக்கும் என்று நிராகரித்தோம். தீவு அப்படியே இருக்கிறது.

இறுதியில், மிதத்தலும் பயணமே என்று தீர்ப்பு எழுதினேன்.

12 ஜூன்

இன்னாசி என்பவரை ஒரு வாரம் முடக்கினேன். ஐந்தாம் முறையாக வரியை அழித்திருந்தார். பிறகு மாவு மில்லுக்குப் போய்வந்தேன். மோட்டார் இன்னும் சரியாகவில்லை.

20 ஜூன், வியாழன்

என் பயனர் பக்கத்தில் கைபேசி எண்ணைப் போட்டு வைத்திருக்கிறேன், மாணவர்கள் யாராவது ஐயம் கேட்க விரும்பினால் உதவுமே என்று. பன்னிரண்டு வருடத்தில் வந்த முதல் அழைப்பு இன்று.

“ஐயா, செங்கோடன் ஐயாவா? நான் இன்னாசி பேசுதேன், தூத்துக்குடில இருந்து. என்னைய பூட்டு போட்டு வெச்சிருக்கீயளே, அந்த இன்னாசி.”

முடக்கம் நேற்றே முடிந்துவிட்டது என்றேன்.

“அது கெடக்கட்டும். எங்க தண்டல் உயிரோடத்தான் இருக்காவ, தெரியுமா ஒங்களுக்கு? எம்பத்தி நாலு வயசு. தோணிச் சங்கத்துல புதுசா மண்டபம் கெட்டுதாவ. தூரக் கடல் போன தண்டல்மார் பேரெல்லாம் கல்லுல வெட்டி வைக்கப் போறாவ. ஆகஸ்ட் பதினொண்ணு தெறப்பு. அவுக பேரு மொத ஆளா இருந்துச்சு. செயலாளர் ஒங்க பக்கத்தப் படிச்சிட்டு அடிச்சிட்டாரு. தூங்கி ஆளக் கொன்னவரு பேரக் கல்லுல வெட்டக் கூடாதாம்.”

அந்த வரிக்குச் சான்று இருக்கிறது, ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கக் கட்டுரை என்று எடுத்துச் சொன்னேன்.

“அந்தப் பேப்பர்காரரு தோணில இருந்தாரா?”

இல்லை.

“நீங்க?”

இந்த மாதிரியான கேள்விகளுக்குப் பதில் சொல்ல விதியில் இடமில்லை. மரியாதையாகவே போனை வைத்தேன்.

21 ஜூன்

சான்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 2015 மார்ச், ஞாயிறு இணைப்பு, மூன்றாம் பக்கம். ‘சுக்கான் பிடித்திருந்த தண்டல் கண்ணயர்ந்துவிட்டதால் தோணி திசை தவறியது.’ கல்வெட்டு மாதிரி நிற்கிறது. நடையும் நன்றாக இருக்கிறது, யார் எழுதினாலும் சரி.

28 ஜூன்

மோட்டார் ஆள் வந்தான். காயில் போயிற்றாம். இது தெரிய எனக்கு ஒரு மாதம், அவனுக்கு ஒரு நிமிடம்.

5 ஜூலை, வெள்ளி

வதனி எழுதியிருக்கிறார். டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா, என்னைப் போல் நிர்வாகி. எதையும் மெதுவாகப் படிப்பார். அதுதான் அவரிடம் உள்ள ஒரே குறை.

‘அண்ணை, சிறப்புக் கட்டுரைக்காக ஒவ்வொரு வசனமாய்ச் சரிபார்க்கிறன். பேப்பர் வந்தது 2015. ஆனால் அதே வசனம் எங்கட பக்கத்தில 2012 ஒக்ரோபரிலேயே இருக்குது. வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தனான். போட்டது நீங்கள். அப்ப நீங்கள் எதைப் பார்த்து எழுதினீங்கள்?’

அறிவேட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘வரலாறு’ என்று ஒரு பக்கம் உண்டு. யார், எந்தத் தேதியில், எந்த நிமிடத்தில், எந்த எழுத்தைச் சேர்த்தார் என்பது அழியாமல் இருக்கும். அந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து நான் இரண்டு கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

6 ஜூலை

நாள் முழுவதும் பரண் சுத்தம் செய்தேன். சம்பூரணம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வதனிக்குப் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை.

9 ஜூலை, செவ்வாய்

நாட்குறிப்பில் பொய் எழுதுகிற வழக்கம் எனக்கில்லை. எழுதிவிடுகிறேன்.

2012 அக்டோபர் 31. அறிவேட்டின் கட்டுரைப் போட்டிக்குக் கடைசி நாள். அடைக்கல மாதாவைப் பற்றி என்னிடம் இருந்தது ஒரு பழைய செய்தித் துணுக்கு மட்டும். புறப்பட்ட தேதி, சரக்கு விவரம், ஒதுங்கிய தேதி, எட்டுப் பேர் திரும்பியது, தண்டல் பெயர். அவ்வளவுதான். ஏன் திசை தவறியது என்று அதில் இல்லை. படிக்கிறவன் முதலில் அதைத்தானே கேட்பான்? ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதலாம் என்பார்கள். எழுதலாம்தான். ஆனால் கலைக்களஞ்சியம் என்று பெயர் வைத்துக்கொண்டு தெரியவில்லை என்று எழுதுவதா? என் கட்டுரை எதிலும் அந்தச் சொல் வந்ததில்லை. வாழ்க்கையிலும் நான் அதிகம் பயன்படுத்தியதில்லை.

யோசித்தேன். ராத்திரி முழுக்க ஒருவன் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு பொருளைக் காக்க வேண்டும். என்ன நடக்கும்? எங்கள் அலுவலகக் காவலர் பழனியப்பன் பதினெட்டு வருடம் வேலை பார்த்தார், பதினெட்டு வருடமும் தூங்கினார். ஆக, இது வெறும் கற்பனையில்லை. அனுபவ அடிப்படையிலான ஊகம்.

கட்டுரைக்கு இரண்டாம் பரிசு. மூன்று வருடம் கழித்து நாளிதழ் அந்த வரியை எடுத்துக்கொண்டது. அச்சில் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி. ‘பார்த்தாயா, நாம் எழுதியது சரிதான்’ என்று நினைத்தேன். உடனே நாளிதழைச் சான்றாகக் கட்டுரையில் சேர்த்தேன். அப்போது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாளிதழுக்குக் கடிதம் எழுதி, அந்த வரிக்கு மறுப்பு வெளியிடும்படி கேட்டிருக்கிறேன். அவர்கள் திருத்தினால் நானும் திருத்துவேன். யாருக்கும் சேதமில்லை. பத்திர பாஷையில் இது பிழைத்திருத்தல்.

18 ஜூலை

நாளிதழிலிருந்து பதில் வந்தது. ‘தாங்கள் குறிப்பிடும் தகவல் அறிவேடு என்ற நம்பகமான இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே திருத்தப்பட்டால் நாங்களும் பரிசீலிப்போம்.’

நம்பகமான என்ற சொல்லைப் பார்த்தபோது ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது.

பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தோணிச் சங்கச் செயலாளரிடமும் பேசினேன். பெயர் ரொசாரியோ, ஓய்வுபெற்ற துறைமுக எழுத்தர். “அறிவேடு, பத்திரிகை, ரெண்டுலயும் ஒரே மாதிரி வந்திருக்கு சார். ரெண்டு சான்று. நான் என்ன செய்யட்டும்?” என்றார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் கோபம் வந்தது.

19 ஜூலை, வெள்ளி

சத்தம் போடாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். காலை பத்து மணிக்கு வரியை நானே அழித்தேன். காரணம் கேட்கும் கட்டத்தில் ‘சிறு திருத்தம்’ என்று எழுதினேன்.

நாற்பது நொடியில் வரி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. கூடவே எனக்கு ஓர் எச்சரிக்கை: ‘வணக்கம் செங்கோடன்! சான்றுள்ள தகவலை நீக்கியுள்ளீர்கள். இது விதி 7-க்கு எதிரானது. தொடர்ந்தால் முடக்கப்படுவீர்கள். கலைக்களஞ்சியம் பற்றி அறிய, புதியவர்களுக்கான பக்கத்தைப் படியுங்கள்.’

இது ‘காவலன்’ என்ற தானியங்கி நிரல். 2019-இல் நான் போராடிக் கொண்டுவந்தது. எச்சரிக்கை வாசகமும் என்னுடையது. ‘புதியவர்களுக்கான பக்கம்’ என்னுடையது. பழனியப்பன் மாதிரி இல்லை இது, தூங்குவதே கிடையாது.

மறுபடி அழித்தேன். இரண்டாம் எச்சரிக்கை வந்தது. மூன்றாவதுக்கு முடக்கம் என்பதால் நிறுத்திக்கொண்டேன்.

23 ஜூலை, செவ்வாய்

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இன்னாசி கூப்பிட்டார். கை எச்சிலாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன். பெரும் தவறு.

“ஐயா, நான் வரிய எடுக்கச் சொல்லிக் கூப்பிடல. ஒரு காரியம் சொல்லணும். எங்ககூட வந்த சூசையா தோணிலயே இறந்தான். முப்பத்தோராம் நாளு. தண்ணி இல்லாம. அவன் பொஞ்சாதி மேரியக்கா இங்கதான் இருக்கா. நேத்துப் பொழுது சாய தண்டல் தனியா கம்ப ஊணிக்கிட்டு அவ வீட்டுக்குப் போயிருக்காவ. போயி, ‘என்னைய மன்னிச்சிரு தாயி, நான் தூங்கிட்டேன், ஒம் புருசன் என்னாலதான் போனான்’னு கையெடுத்துக் கும்பிட்டிருக்காவ.”

சம்பூரணம் ரசம் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள்.

“தூங்கலியே ஐயா! மரம் முறிஞ்சப்போ எம் பக்கத்துல நிக்காவ. ரெண்டு ராத்திரி ஒரு பகலு சுக்கான உடம்போட கெட்டிக்கிட்டு நின்னாவ, அதுவும் ஒடையித வரைக்கும். நான் சொல்லுதேன், ‘தண்டலே, நீங்க தூங்கல’ன்னு. ‘அச்சுல வந்திருக்குடா இன்னாசி, நமக்கு என்ன தெரியும்’ங்காவ.”

நான் ஏதோ சொன்னேன். விதி என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டேன் என்று நினைக்கிறேன். அவரே வைத்துவிட்டார்.

சம்பூரணம் எதிரில் உட்கார்ந்தாள். “ஏனுங்க, அதை எழுதுனது யாரு?”

நாளிதழில் வந்தது என்றேன்.

“அதுக்கு முன்னால?”

ரசம் ஆறுகிறது என்றேன்.

“நாப்பது வருசமா உங்களப் பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். பஸ்சு எத்தன மணிக்குன்னு யாராச்சும் கேட்டாக்கூடத் தெரியாதுன்னு உங்களுக்குச் சொல்ல வராது. ஏதாச்சும் ஒரு மணி சொல்லிப்போடுவீங்க. அவங்க பாவம் நின்னுக்கிட்டே இருப்பாங்க. போயி அந்தப் பெரியவரப் பாத்துப்போட்டு வாங்க. மோட்டாரு நான் பாத்துக்கறேன்.”

மோட்டார் சரியாகி மூன்று வாரம் ஆகிறது. அதைச் சுட்டிக்காட்டவில்லை.

27 ஜூலை, சனி. தூத்துக்குடி

இன்னாசி பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார். அறுபத்து நான்கு வயது, முறுக்கிய கை, கழுத்தில் செபமாலை. பதிவுகளை வைத்துப் பெரிய முரடராக நினைத்திருந்தேன். என் பையைப் பிடுங்கிக்கொண்டு, “ஐயா சாப்பிட்டீயளா?” என்றார். ஓட்டலில் வெங்காய ஊத்தப்பம் சொன்னேன். அவர் தட்டை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். “முப்பத்தெட்டு நாளும் பச்ச வெங்காயந்தான் ஐயா. அதுல இருந்து தொடுறதில்ல. நீங்க சாப்பிடுங்க.”

என் கட்டுரையில் சரக்கு வெங்காயம் என்று இருக்கிறது. எத்தனை டன் என்றுகூட இருக்கிறது. அதைத் தின்றார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

போகிற வழியில் கடல் வந்தது. சும்மா கரையில் நின்று பார்த்ததற்கே நான் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். இன்னாசி காணாதது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தண்டல் கஸ்பார் மோத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். “பொஸ்தகம் எழுதுத ஐயா வந்திருக்காவ” என்று இன்னாசி சொன்னார். யார் எழுதியது என்று அவர் சொல்லவில்லை. வரலாற்றுப் பக்கத்தைக் காட்டி இன்னாசிக்கு எல்லாம் சொல்லிவிட்டதாக வதனியே எனக்கு எழுதியிருந்தார்.

வரும் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயாரித்திருந்தேன். ‘தகவல் சேகரிப்பில் சில வேளைகளில்’ என்று தொடங்கும். பெரியவர் என்னைத் தொடங்க விடவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரகசியம் கேட்பதுபோலக் குனிந்தார்.

“ஐயா, நீங்க படிச்சவிய. அதெல்லாம் விசாரிச்சித்தான் எழுதியிருப்பீய. எனக்கு வயசாயிப் போச்சி, ஒண்ணும் நெனவுல நிக்கல. ஒரே ஒரு காரியம் மட்டும் சொல்லுங்க.”

கேளுங்கள் என்றேன்.

“நான் தூங்குனது மரம் முறியதுக்கு முந்தியா, பொறவா?”

நான் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்தேன்.

“முந்தின்னா பாவம் முழுசும் என்னுது. பொறவுன்னா கொஞ்சம் கொறையும். சூசையா பொஞ்சாதிகிட்ட அதச் சொல்லணும்லா. அதுல போட்டிருப்பீயள்ளா, எத்தனாம் நாளுன்னு?”

முப்பத்து நான்கு வருடம் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். நான் நாற்காலியில் இருந்தபடி கேட்பேன், அவர்கள் நின்றபடி விழிப்பார்கள். இன்று நான்தான் விழித்தேன். அந்த மனிதர் என்னை நம்பினார். தன் கண்ணால் கண்டதைவிட என்னை நம்பினார். எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

“நீங்க தூங்கலைங்க. அந்த வரிய நான்தான் எழுதினேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. கதை முடியணும்னு போட்டுட்டேனுங்க” என்றேன்.

அவர் இன்னாசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது சந்தேகம்.

“ஐயா மனசுக்கு ஆறுதலா சொல்லுதீய. ஆனா பேப்பர்லயும் வந்திருக்கே” என்றார்.

29 ஜூலை, திங்கள். தூத்துக்குடி

வாயால் சொன்னதை யாரும் நம்பவில்லை. நான் வளர்த்த உலகம், குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எனவே எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். முத்திரைத்தாள் வாங்கி, லாட்ஜ் மேசையில் உட்கார்ந்து ரத்துப் பத்திரம் எழுதினேன். ‘திருச்செங்கோடு பச்சமுத்து மகன் செங்கோட்டுவேலு ஆகிய நான் எழுதிக் கொடுக்கும் ரத்துப் பத்திரம் யாதெனில்...’ நான்கு எல்லை எழுதுகிற இடத்தில் கொஞ்சம் திணறினேன். அந்த வரிக்கு வடக்கே என்ன, தெற்கே என்ன? முன் வரி, பின் வரி என்று குறிப்பிட்டேன். மேற்படி வரியை யாதொரு ஆதாரமுமின்றி என் சொந்த மனதிலிருந்தே எழுதினேன் என்றும், நாளிதழ் என்னைப் பார்த்தும் நான் நாளிதழைப் பார்த்தும் ஒருவருக்கொருவர் சாட்சி போட்டுக்கொண்டோம் என்றும், தண்டல் தூங்கினார் என்பதற்கு உலகில் எங்கும் மூலப்பத்திரம் கிடையாது என்றும் எழுதினேன். நோட்டரி வழக்கறிஞர் இரண்டு முறை படித்துவிட்டு, “சொத்து எங்க சார் இருக்கு?” என்று கேட்டார். கடலில் என்றேன். முத்திரை போட்டார்.

செயலாளர் ரொசாரியோ கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். “இத மொதல்லயே குடுத்திருக்கலாமே சார்” என்றார். கல் வெட்டுகிறவர் இன்னும் கடைசி வரிக்கு வரவில்லையாம். மோத்தா என்ற பெயருக்கு அங்கேதான் இடம். முதலாவதாக இருந்தவர் கடைசியில் வருவார்.

பத்திரத்தைப் படம் பிடித்து உரையாடல் பக்கத்தில் என் பெயரோடு போட்டேன். வதனி வரியை நீக்கினார். காவலன் நாற்பது நொடியில் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. வதனி காவலனை நிறுத்திவிட்டு மறுபடி நீக்கினார்.

1 ஆகஸ்ட்

முதல் பக்கத்தில் என் கட்டுரை இல்லை. அதற்குப் பதில் ‘ஆட்டுக்கல்’. இதில் எனக்கு வருத்தமில்லை. ஆட்டுக்கல் கட்டுரையில் மூன்று இடத்தில் சான்று இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நிர்வாகிப் பொறுப்பிலிருந்து என்னை நீக்க வாக்கெடுப்பு நடக்கிறது. சரக்குக் கப்பல் அதிகாரி எனக்கு ஆதரவாக வாக்களித்திருக்கிறார். காரணம் கேட்கும் இடத்தில் ‘இப்போதாவது அந்தத் தீவை எடுப்பார்’ என்று எழுதியிருக்கிறார்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

இன்னாசி படம் அனுப்பியிருந்தார். கருங்கல், இருபத்து மூன்று பெயர்கள். கடைசி வரி: கஸ்பார் மோத்தா, அடைக்கல மாதா. பெரியவர் வெள்ளைச் சட்டையில் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஒரு கையில் கம்பு, மறு கையில் மடித்த காகிதம் ஒன்று.

கூப்பிட்டுக் கேட்டேன், என்ன காகிதம் என்று.

“ஒங்க பத்திரந்தான் ஐயா. நகலு எடுத்துக் குடுத்தேன். சட்டப் பையிலயே வெச்சிருக்காவ. மேரியக்கா வீட்டுக்குப் போயிக் காட்டினாவ. ‘நான் தூங்கலியாம் தாயி, முத்திரத்தாள்லயே வந்திட்டு’ன்னு சொன்னாவ.”

மேரியக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘எனக்கு நாப்பது வருசமாத் தெரியும் தண்டலே, உக்காந்து காப்பி குடிங்க’ன்னுச்சி.”

12 ஆகஸ்ட், திங்கள்

வாக்கெடுப்பில் தோற்றேன். பதினான்குக்கு மூன்று. இனி நான் சாதாரணப் பயனர்.

வதனி தனியாக எழுதியிருந்தார். ‘அண்ணை, நீங்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் இன்னொரு கேள்வி இருக்குது. மற்ற 411 கட்டுரைகளிலயும் இப்பிடி வசனங்கள் இருக்குதோ?’

‘இல்லை’ என்று தட்டினேன். அனுப்பவில்லை. அழித்தேன். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு முதல் கட்டுரையிலிருந்து தொடங்கினேன். சேலம் மாவட்ட ஏரிகள்: ஒரு வரி. கொல்லிமலை மூலிகைகள்: மூன்று. பண்டைய கலங்கரை விளக்கங்கள்: நான்கு, அதில் ஒரு கலங்கரை விளக்கமே நான் கட்டியது. கப்பல் அதிகாரியின் தீவை எழுதியதும் நான்தான், 2013-இல், வரைபடத்தில் அந்த மூலை காலியாகத் தெரிந்ததால்.

மதியத்துக்குள் பத்தொன்பது வரிகள் சேர்ந்துவிட்டன. சம்பூரணம் இரண்டாவது டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் எத்தனைங்க இருக்கும்?”

தெரியவில்லை என்றேன்.

அவள் டம்ளரை வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அடுத்ததப் படிங்க” என்றாள்.